கெட்டுப்போகாத சாமான்

ஒழுங்கான மனிதர்களுக்கும் எனக்கும் ஆகாது. அன்றைக்குச் செய்ய வேண்டியதைக் காலையிலேயே ஒன்று, இரண்டு என்று அடுக்கி, அடுக்கியபடியே முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியாது. நான் குடும்ப நீதிமன்ற வக்கீல். என் ஸ்கூட்டர் பெட்டியில் வழக்குக் கட்டுகளும், பாதி தின்ற முறுக்குப் பொட்டலமும், துவைக்க வேண்டிய கறுப்பு கவுனும் ஒன்றாகத்தான் கிடக்கும். ஆனால் வாய்தா வாங்குவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் வளாகத்தில் ஆள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் ‘வாய்தா சாந்தாமணி’ என்பார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

கோகிலவாணி என்னைத் தேடி வந்தது அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் எங்கள் பனியன் ஊரில் பாதிப் பேர் காதுக்குப் பின்னால் மிளகு வைத்துக்கொண்டாகிவிட்டது. விற்கிற கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. மிளகளவு இருந்ததால் ஜனங்கள் மிளகு என்றே சொன்னார்கள். தோலுக்கு அடியில் வைத்து ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த ஆளுக்கு எது முக்கியமான வேலையோ அதைச் செய்யத்தான் மனசு வரும். மற்ற வேலைகள் நினைவில் இருக்கும், ஆனால் கை போகாது. ஏற்றுமதிக் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே செலவு செய்து வைத்துவிட்டன. கப்பல் தேதி தப்பியது என்ற பேச்சே ஊரில் இல்லாமல் போனது.

கோகிலவாணியின் புருஷன் தரணிதரன் அப்படி ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட நூல், சாயம், பட்டன், பெட்டி எல்லாம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற வேலை. விவாகரத்து மனுவில் என்ன காரணம் எழுதலாம் என்று நான் கேட்டபோது அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். அடிப்பாரா என்றேன், இல்லை. குடிப்பாரா, இல்லை. வேறு பொம்பளை என்று நான் ஆரம்பிக்கும்போதே சிரித்துவிட்டாள். அதற்கெல்லாம் அவருக்கு ஏது நேரம் என்றாள். கடைசியில் ‘கவனிப்பதில்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

முதல் வாய்தாவுக்கு எதிர்க்கட்சி மணி அடித்தாற்போல் வந்து நின்றது. தரணிதரன் ஒல்லியாக, சலவைச் சட்டையில், பார்க்க நல்ல பிள்ளையாக இருந்தான். வக்கீல் வைக்கவில்லை. பதில் மனு போட அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடம் பணிவாகக் கேட்டான், கிடைத்தது. நான் வேறொரு கட்சிக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் தக்காளி சாதம் தின்றுகொண்டிருக்கிறார்கள். அவள் அவன் பக்கத்துக்கு அப்பளத்தை நகர்த்துகிறாள். அவன் அவளுடைய காதைப் பார்த்து, தோடு புதுசா என்று கேட்கிறான்.

இத்தனை வருஷத் தொழிலில் நான் பார்க்காத ஜோடி கிடையாது. வராந்தாவில் செருப்பால் அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே பாக்ஸில் சாப்பிட்டவர்களைப் பார்த்ததில்லை. அவன் போனதும் அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், என்னை வைத்து ஏதாவது விளையாடுகிறாயா என்று கேட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அக்கா, மிளகு வைக்கச் சொன்னதே நான்தானுங்க. கரண்டு பில்லு கட்டறதுக்கு நாலு தடவ சொல்லோணும். கேஸ் புக் பண்ண மறந்துருவாரு. பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு வாங்கன்னா வழியில எவன்கிட்டயோ பேசிட்டு நிப்பாரு. கம்பெனியில வெச்சுக்கச் சொன்னப்ப இவரு வேண்டாம்னாரு. நான்தான் சண்டை போட்டு அனுப்புனேன்.”

முதல் இரண்டு மாதம் சொர்க்கம் என்றாள். ஒழுகுகிற குழாய், ஆடுகிற கதவு, பாப்பாவின் தடுப்பூசி எல்லாம் சொல்லாமலே நடந்தன. பிறகு வீட்டில் ரிப்பேர் ஆக எதுவும் மிச்சமில்லை. அவன் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போகிற ஆளாகிவிட்டான். எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் மரியாதையாக ம் என்பான். கண் அடுத்த வேலையில் இருக்கும்.

“அந்த மிளகு ஒண்ணே ஒண்ணுதான் பாக்குமாங்க. இன்னைக்குச் செய்யலைன்னா என்ன கெட்டுப்போகும்னு. பால் கெட்டுப்போகும், ஆர்டர் கெட்டுப்போகும். நான் கெட்டுப்போற சாமான் இல்லீங்களே அக்கா. நாளைக்கும் இதே மாதிரி இருப்பேன். நாளன்னைக்கும் இருப்பேன். அதனால நான் அவரு லிஸ்ட்டுல மேல வர்றதே இல்லீங்க.”

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. ஒருமுறை கேஸ் கசிகிறது என்று போன் செய்தாள். வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்து பார்த்தால் கசிவு இல்லை. மிளகு அதையும் குறித்துக்கொண்டது. பொய் அவசரம் சொல்கிறவர்களின் பேச்சுக்கு அது மதிப்பைக் குறைத்துவிடுமாம். அடுத்த மாதம் அவளுக்கு நிஜமாகவே வயிற்றுவலி வந்து துடித்தபோது அவன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. பொய்யென்று மிளகு சந்தேகப்பட முடியாத அழைப்பு ஒன்று உண்டு. கோர்ட் சம்மன். அன்றைக்கு வராவிட்டால் கெட்டுவிடும். அன்றைக்கு அவனுக்கு முதல் வேலை வழக்கு, அதாவது அவள். அன்று முழுக்க அவன் அவளுடைய புருஷனாக இருப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. சரி அம்மணி, உனக்கு எத்தனை வாய்தா வேண்டும் என்று கேட்டேன்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினோம். எனக்குக் காய்ச்சல் என்பேன், கட்டு கிடைக்கவில்லை என்பேன். தரணிதரன் தன் பங்குக்குப் பதில் மனுவுக்கு அவகாசம் கேட்பான். மாதத்துக்கு ஒரு நாள் அவர்கள் வராந்தாவில் குடும்பம் நடத்தினார்கள். சில சமயம் மகள் மித்ராவையும் கூட்டி வருவாள். அவன் மடியில் உட்கார்ந்து அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக் கதை அத்தனையும் ஒப்பிக்கும். டவாலி எங்கள் வழக்குப் பெயரைக் கூப்பிடும்போது மூன்று பேர் முகமும் வாடிப்போகும். உள்ளே போய் வாய்தா வாங்கி வெளியே வந்ததும் அவன் கண் மாறிவிடும். வேலை முடிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் போவான். அவள் அவன் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு பாக்ஸை மூடுவாள்.

ஒரு தடவை அவனிடமே கேட்டுவிட்டேன். என்னோடு பேசுவதும் வழக்கில் சேர்த்தி என்பதால் மிளகு விட்டுவிடும். ஏன்தான் அந்தக் கருமத்தை எடுத்துத் தொலையக் கூடாது என்றேன்.

“எடுக்கலாமுங்க மேடம். ஒரு மணி நேர வேலை. யாரும் தடுக்கறதில்ல. ஆனா இன்னைக்கு எடுக்கலைன்னா என்ன கெட்டுப்போகும்? ஒண்ணும் கெடாது. அதனால அது மேல வராதுங்க.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. வீட்டுக்குப் போனா கோகி என்னமோ பேசறா, நல்லாத்தான் காதுல விழுது. பதில் சொல்லோணும்னு தெரியுது. மனசு எந்திரிக்க மாட்டேங்குதுங்க. தூக்கத்துல யாராச்சும் கூப்பிட்டா எந்திரிக்க முடியாதில்லீங்களா, அப்படி.”

கோகிலவாணி இரண்டு தடவை கிளினிக்கில் நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். இரண்டு தடவையும் அதே நாளில் கம்பெனியில் கப்பல் வேலை முளைத்தது. கம்பெனியில் கப்பல் வேலை இல்லாத நாள் ஏது?

அதனால் நான் ஒரு இடைமனு தயார் செய்தேன். எதிர்மனுதாரர் மிளகை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்பது கோரிக்கை. உத்தரவு வந்தால் எடுக்காமல் இருப்பது கோர்ட் அவமதிப்பு. அப்போது மிளகே தன்னை எடுக்கச் சொல்லி அவனைக் கிளினிக்குக்கு அனுப்பும். என் தொழிலில் நான் இவ்வளவு சீக்கிரம் எழுதி முடித்த மனு வேறில்லை. கொண்டுபோய்ப் போட்டேன், கோர்ட்டில் ஏற்று எண்ணும் போட்டார்கள். அடுத்த வாய்தாவில் விசாரணை என்றார்கள். எங்கள் பழைய நீதிபதி நிதானமான மனுஷர். கேட்டு முடிக்க மூன்று வாய்தா ஆனாலும் கடைசியில் நியாயத்தைச் செய்துவிடுவார் என்று நம்பினேன்.

அந்த நாளும் வந்தது. நான் வழக்கம்போல் அரக்கப்பரக்க உள்ளே நுழைந்தால், கோர்ட் ஹால் கப்சிப்பென்று இருக்கிறது. நீதிபதி அதற்குள் ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் டீ குடித்துவிட்டு ஆற அமர வருகிற மனுஷர். டவாலி என் பக்கம் சாய்ந்து, தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினான். பார்த்தேன். நீதிபதியின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பிளாஸ்திரி.

தேங்கிக் கிடக்கும் வழக்குகளை முடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கடியாம். பாவம், அவரும் என்ன செய்வார்? கட்டுகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன, முடிந்தன, போயின. அழுகிறவர்களை அவர் பார்க்கவில்லை. கோபமாகவும் இல்லை. முகத்தில் அத்தனை அமைதி.

எங்கள் முறை வந்ததும் எழுந்து, வாய்தா என்று ஆரம்பித்தேன். காரணம் கேட்டார். இடைமனு இருக்கிறது என்றேன். எது முதலில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூல வழக்கு முடிந்துவிட்டால் இடைமனுவுக்கு வேலையில்லை, எனவே மூல வழக்கை முதலில் எடுக்கிறேன் என்றார். சட்டப்படி தப்பு சொல்ல முடியாது. அப்போது தரணிதரன் கூண்டிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஐயா, எனக்கு ஒரு வாய்தா கொடுங்கய்யா. பதில் மனு போடோணும்.”

“ஒரு வருஷமா எழுதலையா?”

“எழுதிட்டனுங்க. போன வருஷமே எழுதி வெச்சுட்டேன். கொடுத்தா கேஸ் நடந்துருமுங்களே.”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். கோகிலவாணி சடாரென்று அவன் பக்கம் திரும்பினாள். அவளைப் போலவே அவனும் ஒவ்வொரு மாதமும் அந்த ஒரு நாளைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும்தான்.

நீதிபதி நிமிரக்கூட இல்லை. மனுவை வாபஸ் வாங்கலாம், அல்லது தீர்ப்பு வாங்கலாம், இரண்டில் ஒன்று இன்றைக்கே என்றார். வாபஸ் வாங்கிவிட்டு மறுபடி இதே மனுவோடு வந்தால் வாசலிலேயே தள்ளுபடி என்றும் சொன்னார். அடுத்த வழக்கு முடிகிறவரை எங்களுக்கு நேரம் கொடுத்தார். அடுத்த வழக்கு முடிய எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிருந்தது.

மூன்று பேரும் வராந்தாவுக்கு வந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாபஸ் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். நீ அவன் பெண்டாட்டியாகவே இருப்பாய், ஆனால் இனிமேல் உனக்கு வாய்தா கிடையாது என்றேன். தீர்ப்பு வாங்கினால் என்று கேட்டாள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். விவாகரத்து ஆன தகப்பன் குழந்தையை வாரம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே உத்தரவு கேட்டு வாங்கலாம் என்றேன்.

“உத்தரவு போட்டா வந்தே ஆகோணுமுங்களா அக்கா?”

“வரலைன்னா கோர்ட் அவமதிப்பு.”

அவளுக்குப் புரிந்தது. புரிந்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். இப்படி ஒரு கணக்கு உலகத்தில் உண்டா? பெண்டாட்டியாக இருந்தால் புருஷன் வரமாட்டான், அறுத்துக்கொண்டால் வாராவாரம் வருவான். எனக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அறையத் தகுந்த ஆள்தான் யாருமில்லை.

தரணிதரன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அன்றைக்கு அவனுக்கு அவள்தான் முதல் வேலை, அதனால் அவன் கண் அவள் மேலேயே இருந்தது.

“வாங்கிரு கோகி,” என்றான். “புருஷனா இருந்தா நான் வரமாட்டேன். எனக்கே தெரியும். வாங்கிரு.”

உள்ளே எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எதிர்மனுதாரருக்கு ஆட்சேபனை இல்லை. சனிக்கிழமைதோறும் காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை தகப்பன் குழந்தையைச் சந்திக்க வேண்டும் என்று நான் கேட்டதை நீதிபதி அப்படியே ஏற்றுக்கொண்டு தட்டச்சருக்குச் சொல்லத் தொடங்கினார். சந்திப்பு தாயின் வீட்டிலேயே நடக்க வேண்டும், குழந்தையை வெளியே எங்கும் அழைத்துச் செல்லக் கூடாது. இதெல்லாம் இந்த மாதிரி எல்லாத் தீர்ப்பிலும் வருகிற வாசகம்தான். காலம் காலமாகக் கேட்டுப் பழகிப்போனதால் என் காதில் உறைக்கவே இல்லை. இடைமனு தேவையற்றதாகிவிட்டது என்று கடைசியில் ஒரு வரி. கட்டு மூடப்பட்டது. வெளியே வந்ததும் தரணிதரனின் கண் மாறியது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை யாரும் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து கோகிலவாணி என்னைச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். போனேன். கூடத்தில் தரணிதரன் பாயில் உட்கார்ந்து மித்ராவோடு படம் வரைந்துகொண்டிருந்தான். அந்தக் குழந்தையைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. நான் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கோகிலவாணி சாப்பாடு போட்டாள். அவன் குனிந்து சாப்பிட்டான். அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். அவன் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தீர்ப்பில் ‘குழந்தை’ என்றுதான் இருக்கிறது, தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கவும் முடியாது. அவள் இப்போது அவனுக்கு யாருமில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு அப்படியே கிளினிக் வரை போய் வரலாமே என்று நினைத்தால், வெளியே அழைத்துச் செல்லக் கூடாது என்ற வாசகம் குறுக்கே நிற்கிறது. மாற்றச் சொல்லி மனுப் போடுகிறேன் என்றேன். போடுங்கக்கா என்றாள், நம்பிக்கையே இல்லாமல். வேறொரு வழக்கில் இதே மாதிரி ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. முடிந்த வழக்குகளை அந்த நீதிபதி இப்போதெல்லாம் திறப்பதே இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் பாயில் மகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். குழந்தையின் காதில் என்னவோ கிசுகிசுத்தாள். மித்ரா படம் வரைவதை நிறுத்தாமலே கேட்டது.

“அப்பா, உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்குது?”

“பரவால்ல பாப்பா. தைலம் தேச்சுட்டுப் படுத்தாக் கேக்குது.”

மகளிடம்தான் சொன்னான். இதோ ஒரு கை தூரத்தில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் குழந்தையின் இன்னொரு காதில் வாயை வைத்தான். மித்ராவுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. அம்மா பக்கம் திரும்பி, ராத்திரியில் வயிறு வலிக்கிறதா என்று கேட்டது. இல்லை என்று சொல்லு என்றாள் கோகிலவாணி. குழந்தையோடு விளையாடுவது என்கிற வேலைக்குள் இதையும் எப்படியோ நுழைத்துவிட்டிருந்தார்கள். மத்தியானம் முழுக்க இப்படியே நடந்தது. அவன் இப்போது குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர், தீபாவளிக்குச் சட்டை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாரா, எல்லாம் ஒரு சின்னப் பெண்ணின் வாய் வழியாகப் போய் வந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அழுகிற மூஞ்சியை யாரிடம் காட்டுவது?

சாயங்காலம் ஆக ஆக கோகிலவாணி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒருமுறை மகளின் காதில் குனிந்தாள். மித்ரா கேட்டது.

“அப்பா, மிளகை எப்ப எடுப்பீங்க?”

அவன் கையிலிருந்த கிரேயானை வைத்தான். மகளைப் பக்கத்தில் இழுத்து, காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். சொல்லும்போதே அவன் கண் மாறிவிட்டது. எழுந்தான், படத்தை மிதித்துக்கொண்டே வாசலுக்குப் போனான், செருப்பை மாட்டினான். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

“என்ன சாமி சொன்னாரு?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“நாளைக்காம்.”

“எந்த நாளைக்குன்னு கேட்டியா?”

“கேக்கறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிருச்சும்மா.”